இரக்கபுரத்துப் பந்திப்பாய்

இரக்கபுரம் வேதக்கோயிலில் மணி அடிப்பது, கூட்டிப் பெருக்குவது, அசனம் என்கிற சபை விருந்துக்குப் பாய் விரிப்பது எல்லாம் செல்லையாவின் வேலை. அறுபது வயதைத் தாண்டிய பிறகும் ஊர் அவரைக் கோயில்குட்டி என்றுதான் கூப்பிட்டது. அந்த வருஷம் பிப்ரவரியில், ஆலயப் பிரதிஷ்டை அசனத்தன்று, அவர் வழக்கம்போலப் பனையோலைப் பந்திப்பாயைத் தோளில் சுமந்து வந்து, மேற்கு வாசல் படிக்குக் கீழே ஒரு நுனியைக் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, சுருளைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். மற்ற வருஷங்களில் அந்தச் சுருள் உருண்டு உருண்டு மெலிந்து வேப்பமரத்தடியில் நின்றுவிடும். எழுபது பேர் உட்காரலாம். அந்த வருஷம் அது வேப்பமரத்தைத் தாண்டிப் போயிற்று, காம்பவுண்டு கேட்டைத் தாண்டிப் போயிற்று, தார்ரோட்டைக் குறுக்கே கடந்து, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு, தேரிக்காட்டுச் செம்மணலில் ஏறி இறங்கி, பனைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், எட்டு மைல் தள்ளியிருந்த கடற்கரையில் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு, பிறகு அலைமேல் ஏறிக்கொண்டு, தெற்கே திரும்பி, மேற்கே சாய்ந்து, போய்க்கொண்டே இருந்தது.

"ஐயரே, பாய் முடிய மாட்டேங்கு," என்றார் செல்லையா.

அந்தப் பக்கத்தில் சபையின் குருவானவரை ஐயர் என்பார்கள். ஜெபசிங் ஐயர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போனார், புருவத்துக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார், திரும்பி வந்தார். இருபத்தெட்டு வருஷ ஊழியத்தில் கமிட்டிச் சண்டை, கோர்ட்டுக் கேஸ், கோபுரத்தில் இடி விழுந்தது எல்லாம் பார்த்து முடித்தவர்.

"விரிச்ச பாய்க்கு இலை போடாம இருக்கக்கூடாது. போடுங்க," என்றார்.

இலை போட்டார்கள். வெட்டி வைத்திருந்த இலை தீர்ந்ததும் தோட்டத்துக்குப் போய் வெட்டிக்கொண்டு வந்து போட்டார்கள். உள்ளூர்க்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்த பிறகும், கண்ணுக்கெட்டிய தூரத்துக்கு அப்பால் யார் யாரோ புள்ளி புள்ளியாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பந்தியில் உட்கார்ந்தவர்களைச் சாப்பாடில்லாமல் எழுப்புகிற வழக்கம் இரக்கபுரத்தில் கிடையாது. ஆகவே சோற்று வாளி, குழம்பு வாளி, ரச வாளி என்று ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பேர் பாயோரமாகவே நடந்து போனார்கள். கடலில் பாய்மேலேயே நடந்தார்கள். கால் நனையவில்லை. சாயங்காலம் நாலு மணிக்குக் காலி வாளிகளோடு திரும்பி வந்தார்கள்.

முதலில் வந்தவன் பஸ் கண்டக்டர் இஸ்ரவேல். வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் செம்பு நிறையத் தண்ணீர் குடித்தான்.

"எத்தன பேருவே?" என்று கேட்டார் தலைமைச் சமையல் மாசிலாமணி. அவருக்கு எந்தச் சேதியும் முதலில் அளவாகத்தான் வேண்டும்.

"முந்நூத்தி நாப்பது பிள்ளைய. சுருட்ட முடி, வெள்ளைப் பல்லு. சோத்தைப் பாத்ததும் ஒண்ணையொண்ணு பாத்துச் சிரிச்சுதுவ. பெறவு இலையை வழிச்சுத் தின்னுதுவ."

"எந்த ஊராம்?"

"மலாவி. ஆப்பிரிக்கா." இஸ்ரவேல் குரலைத் தாழ்த்தினான். "பாய் முடியுத எடத்துல, கடைசி எலையில, நம்ம ஆசீர் உக்காந்திருக்கான்."

மறுவேளைக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்த சுகிர்தத்தின் கை அரிவாள்மனையில் நின்றது. பிறகு மறுபடியும் அரியத் தொடங்கியது. எல்லோரும் அவளைப் பார்க்காததுபோல் பார்த்தார்கள்.

ஆசீர் அவளுடைய தம்பி. தாய் செத்தபோது அவனுக்கு மூன்று வயது, அவளுக்குப் பதின்மூன்று. அப்பா சகாயம் உபதேசியார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் ஜெபம் நடத்திவிட்டு வருவதற்குள் தம்பியைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பாடம் சொல்லிக்கொடுத்துத் தூங்கவைத்தவள் அவள். கல்யாணமான பிறகும் அதே தெருவில்தான் வீடு பார்த்துக்கொண்டாள். ஆசீர் படித்து வாத்தியார் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த மூன்றாம் வருஷம் வேலையை விட்டுவிட்டு, ஒரு மிஷன் சங்கத்தோடு மலாவிக்குக் கிளம்பினான். அங்கே ஒரு மலையடிவாரப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காலையில் மக்காச்சோளக் கஞ்சி ஊற்றிவிட்டுப் பிறகு பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை. கஞ்சி உண்டென்றால் பிள்ளைகள் பள்ளிக்கு வரும், இல்லையென்றால் காட்டில் கிழங்கு தோண்டப் போய்விடும் என்று எழுதுவான். அக்கா அழுதுகொண்டேதான் எலுமிச்சை ஊறுகாய் கட்டிக்கொடுத்து அனுப்பினாள்.

நாலு வருஷத்துக்கு முன் அப்பா படுத்தார். கடைசி மூன்று நாளும் வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டால்கூட "ஆசீர் வந்துட்டானா?" என்று கேட்டார். ஐஸ்பெட்டியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்தார்கள். ஆசீர் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது சுகிர்தம் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "இனி எனக்குத் தம்பின்னு ஒருத்தன் இல்ல," என்றாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு. அவன் போன் வந்தால் எடுக்க மாட்டாள்; அவன் பேச்சு வந்தால் எழுந்து போய் ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பாள்.

ஆனால் ஒரு காரியத்தை மட்டும் அவள் நிறுத்தவில்லை. அந்த ஊரில் பெண்கள் உலைக்கு அரிசி அளக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி எடுத்து மிஷன் டப்பாவில் போடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கோயிலில் கொட்டப்பட்டு, ஏலம் போய், மலாவிப் பிள்ளைகளின் கஞ்சியாக மாறும். சுகிர்தத்தின் கைப்பிடி மற்றவர்கள் கைப்பிடியைவிடப் பெரியது. கேட்டால், "பிள்ளையளுக்குப் போடுதேன். அவனுக்கில்ல," என்பாள்.

இதெல்லாம் இப்படியிருக்க, ஜனவரியில் ஆசீரின் கடிதத்தை ஐயர் ஆராதனையில் வாசித்தார். புயல் மழையில் ஆறு பெருகிப் பாலம் போய்விட்டது. மக்காச்சோள மாவு ஏற்றிய லாரி அக்கரையில் நிற்கிறது. இக்கரையில் மூட்டைகள் தீர்ந்துகொண்டு வருகின்றன. புது அறுவடைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. "காணிக்கை வேண்டாம், சாமான் இருக்கிறது. வழிதான் இல்லை. ஒரு வழிக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தான். சபையார் மூன்று ஞாயிற்றுக்கிழமை முழங்கால் போட்டு வழி கேட்டார்கள். நாலாவது வாரம் அசனம் வந்தது, செல்லையா பாயை விரித்தார். கேட்டதைக் கர்த்தர் கொடுத்த பிறகு வாயைப் பிளந்துகொண்டு நிற்பது மரியாதையில்லை என்று நினைத்ததுபோல, இரக்கபுரத்தில் யாரும் அதிசயப்பட நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் அடுப்பு மூட்டினார்கள். அதற்கு மறுநாளும் மூட்டினார்கள்.

பாய் சுருட்டப்படாமல் கிடந்தது, ஊர் அதைச் சுற்றித் தன்னைச் சரிசெய்துகொண்டது. தார்ரோட்டில் அது குறுக்கே கிடந்ததால் பஸ்காரர்கள் முதல் நாள் ஹாரன் அடித்துப் பார்த்தார்கள்; இரண்டாம் நாள், வடக்கேயிருந்து வருகிற பஸ் பாய்க்கு வடக்கேயும் தெற்கேயிருந்து வருகிற பஸ் தெற்கேயும் நின்று, ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாயைத் தாண்டி மாறி ஏறிக்கொண்டார்கள். ஆடுகள் ஓலை விளிம்பைக் கடிக்க வந்தபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் முறைபோட்டுக் காவல் நின்றன. கிராம நிர்வாக அலுவலர் ஒரு ரிஜிஸ்தரோடு வந்து, பாய் எந்தெந்தச் சர்வே நம்பரில் கிடக்கிறது என்று எழுதத் தொடங்கி, கடற்கரைக்கு அப்பால் எந்த நம்பர் போடுவது என்று தெரியாமல், அப்படியே பந்தியில் உட்கார்ந்து இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நான் வரலைன்னே வச்சுக்குங்க," என்று சொல்லிப் போனார். கடற்கரைக் குப்பத்து மீனவர்கள் வேதக்காரர்கள்தான், ஆனால் வேறு சபை. இரக்கபுரத்தோடு பெண் கொடுத்து எடுப்பதில்லை. அவர்கள் வலை போடப் போகும்போது பாயைச் சுற்றிக்கொண்டு படகை ஓட்டினார்கள். நாலாம் நாள் அவர்களுடைய பெண்கள் கூடை நிறைய நெத்திலிக் கருவாட்டோடு வந்து, "எங்க தலைமாட்டு வழியாத்தான போகுது, வெறுஞ்சோத்தையா அனுப்புவிய?" என்று கேட்டார்கள்.

பிள்ளைகளுக்குச் சோறு பிடிக்கவில்லை என்பதை மாசிலாமணி ஐந்தாம் நாள்தான் கண்டுபிடித்தார். அவரே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"தின்னுதுவ, தின்னாம என்ன. ஆனா மொகத்துல அந்த இது இல்ல. அதுவளுக்கு மக்காச்சோள மாவைக் கெட்டியாக் கிண்டணும், கையால உருட்டித் தொட்டுத் தின்னணும். ஏதோ நிசிமாங்குதுவ. நம்ம களிதான்யா அது! நம்ம தாத்தன் பாட்டன் தின்ன களி!"

கோவில்பட்டிப் பக்கமிருந்து மக்காச்சோளம் வந்தது, மாவானது, அண்டாவில் துடுப்புப் போட்டு நாலு பேர் கிண்டினார்கள். வெள்ளைக் களியும் கீரையும் கருவாடும் போன அன்றைக்கு, காலி வாளிகள் வெறுமனே திரும்பவில்லை. வாளிக்குள் கம்பியை வளைத்துச் செய்த குட்டிக் கார்கள் இருந்தன. டின் மூடிச் சக்கரம், நீளமான கம்பி ஸ்டியரிங், தள்ளினால் ஓடியது. அதற்குப் பிறகு இரக்கபுரத்துத் தெருக்களில் பிள்ளைகள் கார் ஓட்டிக்கொண்டு திரிந்தன. போய் வந்தவர்கள் சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு எல்லாம் தெரிந்தது: நமக்கு உச்சிவேளை என்றால் அங்கே காலை எட்டரை, பிள்ளைகள் கண்ணில் தூக்கத்தோடுதான் வந்து உட்காருகின்றன, அங்கேயும் மண் தேரிக்காடு மாதிரியே சிவப்பு, அம்மாமாரை அமாயி என்கிறார்கள். பாயின் தூரம் ஆளுக்கு ஆள் மாறியது என்பதும் தெரிந்தது. மனசில் ஒன்றுமில்லாமல் போகிறவர்களுக்கு அது பக்கத்துத் தெரு. ஐயருக்கு ஒரு மணி நேரம். மருமகளோடு சண்டை போட்டுவிட்டுப் போன ஒருத்திக்கு அரை நாள்.

சுகிர்தம் போகவில்லை. சத்துணவுக்கூடத்து வேலையை முடித்துவிட்டு நேரே கோயில் அடுப்படிக்கு வருவாள், காய் அரிவாள், களி கிண்டுவாள், வாளி நிரப்பிக் கொடுப்பாள். கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எட்டு வைக்க மாட்டாள். போகிறவர்களிடம், "அந்தப் பிள்ளைய தண்ணி குடிக்க என்ன வச்சிருக்கு?", "சளிப் பிடிச்சிருக்கா எதுக்காவது?" என்றெல்லாம் கேட்பாள். கடைசி இலையைப் பற்றிக் கேட்க மாட்டாள்.

ஆனால் கடைசி இலையைப் பற்றித்தான் அடுப்படியில் முணுமுணுப்பு கிளம்பியது. தினமும் ஒரே மாதிரி நடந்தது. இந்தப் பக்கத்திலிருந்து வரிசையாகப் பரிமாறிக்கொண்டே போனால், முந்நூற்று நாற்பது இலைக்கும் திகட்டத் திகட்டப் போட்டுவிட்டு, முந்நூற்று நாற்பத்தோராவது இலைக்கு வரும்போது வாளியில் அகப்பை அடி தட்டும். குழம்பு வாளியும் அப்படித்தான். மாசிலாமணி அரைப்படி கூட்டினார், ஒரு படி கூட்டினார், பிறகு ஒரு மரக்கால் கூட்டினார். இஸ்ரவேல் ஒரு நாள் தனியாக ஒரு தூக்குவாளியில் ஆசீருக்கென்றே களி எடுத்துப் போனான். போய்த் திறந்தால் ஓரத்தில் ஒட்டிய துணுக்குகூட இல்லை, கழுவி வைத்ததுபோல் இருந்தது.

"அவன் எதைத்தான் தின்னுதான்?" என்று ஐயர் கேட்டார்.

"பக்கத்து எலையில ஒரு பொம்பளப் பிள்ளை இருக்குது. ஏழு வயசிருக்கும். அது தன் எலையில இருந்து ஒரு உருண்டை புடிச்சு அவன் எலையில வைக்குது. அத ரெண்டாப் புட்டுத் தின்னுட்டு எந்திரிக்கான்."

இதைச் சொல்லும்போது சுகிர்தம் விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள். புகை கண்ணில் பட்டதுபோல் முந்தானையால் துடைத்துக்கொண்டாள். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு மாசிலாமணி அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்த அவளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தாயி, முப்பது வருஷமா ஆயிரம் பேர், ரெண்டாயிரம் பேர்னு சமைச்சிருக்கேன். எனக்கு அளவு பிசகினதில்ல."

"உங்கள யாரு குத்தம் சொன்னா அண்ணாச்சி?"

"யாரும் சொல்லல. குறையுதது என் கையில இல்லன்னு மட்டும் உங்கிட்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அண்டாவின் அடியை அன்று அவள் தேய்த்த தேய்ப்பில் அதில் முகம் தெரிந்தது.

இருபத்திரண்டாம் நாள் சேதி வந்தது. பாலம் கட்டி முடியப்போகிறது, நாளை மறுநாள் காலை லாரி ஆற்றைத் தாண்டிவிடும். ஐயர் ஸ்தோத்திரம் சொன்னார். நாளையோடு பந்தி முடிகிறது, மறுநாள் பாயைச் சுருட்டிவிடலாம், மழை வந்தால் ஓலை இற்றுப்போகும் என்றார். செல்லையா தலையை ஆட்டினார். எல்லோருக்கும் சந்தோஷந்தான், ஆனாலும் அன்றைக்கு வாளி கழுவி முடித்த பிறகும் யாரும் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

மறுநாள் வாளிகளைத் தூக்க ஆட்கள் வந்தபோது சுகிர்தம் குளித்து, கோயிலுக்குப் போகிற வெள்ளைப் புடவை கட்டி நின்றுகொண்டிருந்தாள். இஸ்ரவேல் கையிலிருந்த களி வாளியை வாங்கிக்கொண்டாள்.

"கூடவே வரட்டா யக்கா?"

"குழம்பைத் தூக்கிட்டு முன்னால போ. எனக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."

கொஞ்சம் நேரமா ஆனது! இஸ்ரவேல் கண்ணுக்கு மறைந்துபோனான், மற்றவர்கள் மறைந்துபோனார்கள், அவள் நடந்தாள். பனங்காட்டைத் தாண்டும்போது அப்பா மடியில் தலைவைத்துத் தூங்கிய மூன்று வயதுப் பிள்ளையின் நினைப்பு வந்தது, அதைத் தாண்டி நடந்தாள். கடற்கரையில் மீனவப் பெண்கள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்கள், தலையாட்டிவிட்டு நடந்தாள். கடல்மேல் பாய் மெத்துமெத்தென்று ஏறி இறங்கியது, அடியில் மீன் கூட்டம் நிழல் நிழலாக ஓடியது, ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு நாளும் அலை அலையாக வந்தது, அதன்மேலும் நடந்தாள். வெயில் உச்சியில் அசையாமல் நின்று அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கைமாற்றிக் கைமாற்றித் தூக்கியதில் வாளிக் கம்பி இரண்டு உள்ளங்கையிலும் பதிந்தது. திட்டுவதற்கென்று நாலு வருஷமாகச் சேர்த்துவைத்த வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டு நடந்தாள், சொல்லச் சொல்ல அவை தீர்ந்துகொண்டு வந்தன, எல்லாம் தீர்ந்தபோது காலடியில் சிவப்பு மண் வந்தது. குளிர்ந்த காற்று அடித்தது. மலை தெரிந்தது. முதல் பிள்ளை தெரிந்தது.

நேரே கடைசிக்குப் போயிருக்கலாம். அவள் போகவில்லை. பந்திக்கு ஒரு முறை இருக்கிறது. முதல் இலையிலிருந்து தொடங்கினாள். குனிந்து குனிந்து ஒவ்வொரு இலையிலும் களியை வைத்தாள், போதும் என்று கையை மறித்த பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வைத்தாள், மூக்கு ஒழுகின பிள்ளைக்குத் துடைத்துவிட்டு வைத்தாள். "அமாயி, அமாயி" என்று வரிசை நெடுக அவளைக் கூப்பிட்டார்கள். முந்நூற்று நாற்பதாவது இலையில் மஞ்சள் கவுன் போட்ட பெண்பிள்ளை இருந்தது. அதற்கும் வைத்தாள். பிறகு நிமிராமலேயே ஒரு எட்டு நகர்ந்தாள்.

காலர் நைந்த சட்டை. காதோரம் நரைத்திருந்தது. இவனுக்கு எப்போது நரைத்தது? அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, அகப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வைக்கட்டா?" என்றாள், பந்தியில் யாரையும் கேட்கிற மாதிரி.

"வை யக்கா."

வைத்தாள். வாளியில் களி இருந்தது. இன்னொரு அகப்பை வைத்தாள். அப்போதும் இருந்தது. அவன் சாப்பிடவில்லை.

"அப்பா கேட்டாங்களா?"

"மூணு நாளும் கேட்டாவ."

அவன் இலையின் ஓரத்தை மடித்தான், பிரித்தான். "அந்த வாரம் இங்க காலரா, யக்கா. நானும் பாண்டா வாத்தியாரும் ரெண்டே பேரு. பிள்ளைகளைத் தோள்ல போட்டுத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பதினாறு பேரைக் கொண்டுபோனதுல ரெண்டு பேரு திரும்பி வரல. அப்பா சேதி வந்தப்ப நான் மூணாவது பிள்ளையக் கையில வச்சிருந்தேன். கீழ எறக்கிவச்சிட்டு வர முடியல. அங்க அப்பாவுக்கு நீ இருந்த. ஊரே இருந்துது."

"இத எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"இருபது தடவ கூப்பிட்டேன். நீ போனை எடுக்கல."

"எடுக்கலன்னா என்ன? இருபத்தோராந் தடவ கூப்பிட வேண்டியதுதானல!"

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அநியாயமான பேச்சு என்று அவளுக்கே தெரிந்தது. அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். சிரித்தானா அழுதானா என்று சொல்ல முடியாது, இரண்டும் சேர்ந்து வந்தது. அவளுக்கும் அப்படியே வந்தது. வாளியைக் கீழே வைத்துவிட்டு அவன் முன்னால் அந்தச் சிவப்பு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மஞ்சள் கவுன்காரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. பிறகு எட்டி, அவன் இலையிலிருந்து ஒரு நல்ல பெரிய உருண்டையாகப் பிடித்துத் தன் வாயில் போட்டுக்கொண்டது.

"இவதான் எனக்கு இத்தன நாளும் சோறு போட்டவ," என்றான் ஆசீர். "பேரு தாண்டிஸோ. இவிய பாஷையில சகாயம்னு அர்த்தம்."

"அப்பா பேரா?"

"நான் இந்த ஊருக்கு வந்த அன்னிக்கு இவள இடுப்புல வச்சுக்கிட்டு இவ அம்மா நின்னா. முதல்ல கேட்ட பேரே இதுதான்."

சுகிர்தம் அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்தாள். சுருட்டை முடி கையில் மெத்தென்று அழுந்தியது. அதன் இலையில் இன்னொரு அகப்பை களியை வைத்தாள்.

அவன் சாப்பிட்டு முடித்ததும், "அப்பாவைப் பாக்கணும் யக்கா," என்றான். பாண்டா வாத்தியாரிடம் ஒரு நாள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவளோடு புறப்பட்டான். போகும்போது அவளுக்கு ஒரு ஆயுள் ஆன வழி, வரும்போது அவன் சின்ன வயதில் கிணற்றில் விழுந்த கதையைப் பேசி முடிப்பதற்குள் கோயில் கேட்டுக்கு வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் தூத்துக்குடிக்குப் போய்விட்டு வந்தவனை விசாரிப்பதுபோல், "எப்ப வந்த? மெலிஞ்சுட்டியல?" என்று கேட்டார்கள். அவன் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான். அப்பாவின் கல்லைச் சுற்றி முளைத்திருந்த நெருஞ்சியை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். முடித்த பிறகு கல்லில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, பொழுது அடையும் வரைக்கும் உட்கார்ந்திருந்தான். சுகிர்தம் தூரத்தில் நின்றாள். பக்கத்தில் போகவில்லை, தகப்பனும் மகனும் பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

காலையில் அவள் மீன் குழம்பு வைத்து இட்லி அவித்துக் கொடுத்தாள். ஐயர் வந்தார், செல்லையா வந்தார், தெருவே வந்தது. பேச்சுவாக்கில் ஐயர், "நம்ம பள்ளிக்கூடத்துல உன் வேலை மாதிரியே ஒண்ணு காலியா இருக்கு, ஆசீர். லாரியும் வந்துரும், பாண்டாவும் இருக்காரு. யோசிச்சுப் பாரேன்," என்றார். ஆசீர் அக்காவைப் பார்த்தான். அவன் மட்டுமா, எல்லோரும் அவளைத்தான் பார்த்தார்கள். அவள் ஒரு வார்த்தை சொன்னால் அவன் இருந்துவிடுவான் என்று அந்த முற்றத்தில் நின்ற கோழிக்கும் தெரிந்தது. அவள் கையிலிருந்த இட்லித் தட்டைத் திண்ணையில் வைத்தாள். ஊறுகாய்ப் பாட்டில், கருவாட்டுப் பொட்டலம், இரண்டு புதுச் சட்டை, ஒரு மஞ்சள் ரிப்பன் எல்லாவற்றையும் விடியும்போதே அவள் ஒரு பையில் கட்டி வைத்திருந்தாள். உள்ளே போய் அதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"நேரம் ஆகுது. பிள்ளைய எந்திரிச்சிரும். கெளம்பு," என்றாள்.

மேற்கு வாசலில் அவன் எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் பாயோரமாக நடந்தான். வேப்பமரம் தாண்டினான், கேட் தாண்டினான், ரோட்டில் இரண்டு பக்கமும் நின்ற பஸ்காரர்கள் கையசைத்தார்கள், தேரி மேட்டில் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு இறங்கினான். ஊர் கலைந்து அவரவர் வேலைக்குப் போயிற்று. செல்லையா சுருட்டுவதற்காகக் குனிந்தார்.

"நான் சுருட்டுதேன் அண்ணாச்சி," என்று சுகிர்தம் படிக்குக் கீழே உட்கார்ந்து பாய் நுனியில் கையை வைத்தாள்.

வைத்த கையை எடுக்கவில்லை. ஓலைக்கு அடியில் நாடி துடிப்பதுபோல் ஏதோ தட்டிக்கொண்டிருந்தது. ஆள் நடக்கிற அதிர்வு. ஒவ்வொரு எட்டும் முந்தியதைவிட மெலிசாக, ஆனால் விடாமல், அவள் உள்ளங்கைக்கு வந்துகொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ தெரியாது. மணி பன்னிரண்டு அடித்தது. நடை நின்றது. ஒரு ஆள் பாயில் உட்கார்ந்தது தெரிந்தது. கொஞ்சம் கழித்து அவனுக்குப் பக்கத்தில், எடையே இல்லாததுபோல் ஒன்று உட்கார்ந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. பிறகு பொத்துப் பொத்தென்று தூறல் விழுகிற மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்துகொண்டே இருந்தன.

"வெயில் உச்சிக்கு வந்துட்டு. சுருட்டிருவமா தாயி?" என்றார் செல்லையா.

"பொறுங்க அண்ணாச்சி," என்றாள் சுகிர்தம். "லாரி மாவுல கஞ்சி ஊத்தியிருக்காவ போல. இப்பதான் உக்காந்திருக்குதுவ. தின்னுட்டு எந்திரிக்கட்டும்."

செல்லையா துண்டை உதறிப் போட்டுக்கொண்டு அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரும் பாயில் கையை வைத்துப் பார்த்தார்.